கிளவுடில் ஏற்றிய அப்ளிகேஷன் ஏன் நடுவில் நிற்கிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வாரக்கூலி சனிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ஈரோடு ஜவுளிச் சந்தை திங்கள் இரவே களைகட்டி, செவ்வாய் வரை நடக்கும். இந்த நேரங்களில் கூலிக் கணக்கோ பில்லோ போடும் சாஃப்ட்வேர் நின்றுவிட்டால், காத்திருப்பவர்களிடம் சொல்ல எந்தச் சமாதானமும் இருக்காது. கோவை, திருப்பூர், ஈரோட்டில் இப்படிப்பட்ட அப்ளிகேஷன்களை எழுதி கிளவுடில் ஏற்றும் சிறு குழுக்களுக்காக இதை எழுதுகிறோம்.

கோளாறுகள் பலவாகத் தெரிந்தாலும் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். ஆபீஸ் மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரைப் போல, கிளவுடில் இருப்பதும் ஒரே மெஷின், அது நிற்காமல் ஓடும் என்று நினைத்துக் கோடு (code) எழுதுகிறோம். கிளவுட் தளமோ உங்கள் கன்டெய்னரை (அப்ளிகேஷனைத் தேவையானவற்றோடு அடைத்த பொதியை) எந்த நிமிடமும் நிறுத்தும், வேறொரு மெஷினில் புதிதாகக் கிளப்பும். புது டிப்ளாய் (புதிய வெர்ஷனை ஏற்றுவது) வந்தால் நிறுத்தும், கூட்டம் குறைந்தால் நிறுத்தும், அடியில் இருக்கும் மெஷினைப் பராமரிக்க வேண்டும் என்றாலும் நிறுத்தும்.

நிறுத்தும் முன் சிக்டெர்ம் (SIGTERM) என்ற, நிறுத்தச் சொல்லும் சிக்னல் வரும். அதன்பின், கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸ் இயல்பாக 30 விநாடி பொறுக்கும். கூகுள் கிளவுட் ரன் 10 விநாடிதான். அதற்குள் முடியாவிட்டால் உடனே கொல்லும் சிக்கில் (SIGKILL) வந்து, புரோகிராம் நின்ற வரியிலேயே அறுந்துபோகும். 400 பேருக்குக் கூலி ஏற்றும் வேலை 2 நிமிடம் ஓடுகிறது என்று வையுங்கள். 180 பேருக்கு ஏறியபோது யாரோ டிப்ளாய் செய்தால் மீதி 220 பேருக்கு ஏறாது. பயந்துபோய் பட்டனை மறுபடி அழுத்தினால் முதல் 180 பேருக்கு இரட்டைக் கூலி. இதற்குச் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, இவ்வளவு நீளமான வேலையை வெப் ரிக்வெஸ்டுக்குள் வைக்காமல் பின்னணியில் வரிசையாக முடிக்கும் க்யூவுக்கு மாற்றி, ஒவ்வொருவராகத் தனித்தனியே முடிப்பது. இரண்டு, டேபிளில் தொழிலாளி எண்ணும் வாரமும் சேர்ந்து ஒரு யுனிக் கீ (ஒரே சேர்க்கையை இரண்டாம் முறை ஏறவிடாத கட்டுப்பாடு) வைப்பது. அப்போது அதே வேலையை எத்தனை முறை ஓட்டினாலும் கூலி ஒருமுறைதான் ஏறும்.

சிக்னல் புரோகிராமுக்கே போய்ச் சேராமல் இருப்பதும் உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. கன்டெய்னர் இமேஜை உருவாக்கும் டாக்கர்ஃபைலில் கடைசிக் கட்டளையைச் சாதாரண வரியாக எழுதினால், பல நேரம் ஷெல் (கட்டளைகளை ஓட்டும் புரோகிராம்) முதல் புரோசஸாகக் கிளம்பி, உங்கள் புரோகிராம் அதன் கீழே ஓடும். ஷெல் அந்த சிக்னலைக் கீழே கொடுக்காது. ஆகவே கட்டளையைச் சதுர அடைப்புக்குள், ஒவ்வொரு சொல்லையும் இரட்டை மேற்கோளில் பிரித்து எழுதுங்கள். முதல் புரோசஸாக ஓடும் புரோகிராம், சிக்னலைக் கையாளக் கோடு இல்லாவிட்டால் அதைக் கண்டுகொள்ளவே செய்யாது என்பதால் அந்தக் கோடும் வேண்டும். சோதிப்பது சுலபம்: உங்கள் மெஷினிலேயே டாக்கர் ஸ்டாப் கொடுங்கள். சரியாக 10 விநாடி இழுத்து, 137 என்ற எண்ணோடு முடிந்தால் சிக்னல் கேட்கவில்லை என்று பொருள். மெமரி தீர்ந்து கொல்லப்பட்டாலும் இதே 137 வரும். டாக்கர் இன்ஸ்பெக்ட் காட்டும் விவரத்தில் ஓஓஎம்கில்ட் (OOMKilled) என்ற இடத்தைப் பார்த்து எது என்று பிரித்துக்கொள்ளலாம்.

அடுத்தது டேட்டாபேஸ் கனெக்‌ஷன். இதை ஒரு பேப்பரில் பெருக்கிப் பார்க்காமல் டிப்ளாய் செய்யவே கூடாது. 3 இன்ஸ்டன்ஸ் (அப்ளிகேஷனின் ஓடும் பிரதி), ஒவ்வொன்றிலும் 4 ஒர்க்கர் (வேலை செய்யும் புரோசஸ்), ஒவ்வொரு ஒர்க்கருக்கும் 5 கனெக்‌ஷன் பூல் (திறந்து வைத்திருக்கும் தொகுப்பு): மொத்தம் 60. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இயல்பாகத் தருவது 100, அதில் 3 நிர்வாகிக்கு ஒதுக்கியது. தினமும் ஒரு தொல்லையும் இருக்காது. டிப்ளாய் நேரத்தில் பழைய வெர்ஷனும் புது வெர்ஷனும் கொஞ்ச நேரம் சேர்ந்து ஓடும்போது மட்டும் 60 என்பது 120 ஆகும். புதிதாக வந்த இன்ஸ்டன்ஸ்களுக்குக் கதவு திறக்காது. புதுக் கோடில்தான் தப்பு என்று நினைத்து ராத்திரி முழுக்கத் தேடுவார்கள். பூலை 3 ஆகக் குறைத்தால் டிப்ளாயின்போதும் 72தான். அதற்கு மேல் தேவைப்பட்டால் கனெக்‌ஷன்களைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர் வையுங்கள். ஆனால் அதன் டிரான்சாக்‌ஷன் மோடில், லிசன் (LISTEN) போல செஷனை (ஒரே கனெக்‌ஷன் தொடர்வதை) நம்பும் வசதிகள் ஒழுங்காக வேலை செய்யாது.

ஹெல்த் செக்கில் நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு தவறு, லைவ்னெஸ் (உயிரோடு இருக்கிறதா என்ற) சோதனைக்குள் டேட்டாபேஸைத் தொட்டுப் பார்ப்பது. குபெர்னெட்டீஸ் இயல்பாக 10 விநாடிக்கு ஒருமுறை கேட்டு, தொடர்ந்து 3 முறை பதில் இல்லாவிட்டால் ரீஸ்டார்ட் செய்யும். டேட்டாபேஸ் அரை நிமிடம் திணறினால், ஒரு குறையும் இல்லாத இன்ஸ்டன்ஸ்கள் எல்லாம் ஒன்றாகச் செத்து, ஒன்றாக எழுந்து, திணறும் டேட்டாபேஸ் மேலேயே வந்து விழும். லைவ்னெஸ் புரோசஸ் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கட்டும். கிளம்பவே 40 விநாடி எடுக்கும் ஜாவா அப்ளிகேஷனுக்கு கிளம்பி முடியும்வரை லைவ்னெஸைத் தள்ளிவைக்கும் ஸ்டார்ட்அப் புரோபும் தேவை.

டேபிளில் ஒரு நெடுவரிசையின் (column) பெயரை நேரடியாக மாற்றாதீர்கள். அந்த நொடியில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய வெர்ஷன் பழைய பெயரைத்தான் தேடும். புது நெடுவரிசையைச் சேர்த்து, இரண்டிலும் எழுதி, பழைய வரிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, படிப்பதைப் புதியதற்கு மாற்றி, பல நாள் கழித்துப் பழையதை நீக்குங்கள். பெரிய டேபிளில் இண்டெக்ஸ் போடும்போது கன்கரென்ட்லி (CONCURRENTLY) சேர்க்க மறந்தால், அது முடியும்வரை ஒரு பில்கூட உள்ளே ஏறாது.

கன்டெய்னருக்குள் சேமித்த டெலிவரி சலான் படங்கள் அடுத்த ரீஸ்டார்ட்டில் போய்விடும். அவற்றை எஸ்3 போன்ற ஸ்டோரேஜில் வையுங்கள். இமேஜுக்கு லேட்டஸ்ட் என்று மட்டும் டேக் போட்டால் ரோல்பேக் செய்ய (பழைய வெர்ஷனுக்குப் போக) எதற்குத் திரும்புவது என்றே தெரியாது. அப்ளிகேஷன் 127.0.0.1-இல் (தனக்குள் மட்டும் தெரியும் முகவரியில்) கேட்டுக்கொண்டிருந்தால் வெளியிலிருந்து யாராலும் எட்ட முடியாது, எல்லா முகவரியிலும் கேட்கும் 0.0.0.0 கொடுங்கள்.

கடைசியாக நேரம். கிளவுட் சர்வர்கள் பொதுவாக யுடிசி (UTC) என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். சந்தையில் செவ்வாய் அதிகாலை 2 மணிக்குப் போட்ட பில் சர்வர் கணக்கில் திங்கள் 20:30. தேதியை அப்படியே வெட்டி எடுத்தால் பில் முந்தைய நாளில் விழும். அன்று மாதத்தின் முதல் தேதியாக இருந்தால் ஜிஎஸ்டி கணக்கில் முந்தைய மாதத்துக்கே போய்விடும். டேட்டாபேஸில் யுடிசியாகவே வையுங்கள். தேதி பிரிக்கும்போதும் காட்டும்போதும் ஏசியா/கொல்கத்தா மண்டலத்துக்கு மாற்றுங்கள். குறித்த நேரத்தில் தானாக ஓடும் க்ரான் வேலையிலும் இதே கணக்குதான். சனிக்கிழமை மாலை 4 மணிக்கு ஓட வேண்டிய கூலிக் கணக்கை 10:30 என்று எழுத வேண்டும். 16:00 என்று எழுதினால் அது இரவு 9:30-க்குத்தான் கிளம்பும்.