அட்டாலியில் கிடக்கும் உடுக்கைப் பாட்டுக் கேசட்டைக் கணினியில் ஏற்றுவது எப்படி

கொங்குப் பக்கம் பழைய வீடுகளில் அட்டாலியை, அதாவது பரணைத் துழாவினால் ஒரு பை கேசட் கட்டாயம் கிடைக்கும். எல்லாவற்றையும் ஏற்ற உட்காராதீர்கள், பாதியில் அலுத்துவிடும். கம்பெனி போட்ட சினிமாப் பாட்டுக் கேசட்டை ஒதுக்கி வையுங்கள், அந்தப் பாட்டு வேறு எங்கேயும் கிடைக்கும். வீட்டில் பதிந்ததுதான் முதலில். கோயில் நோம்பியில் (திருவிழாவில்) உடுக்கையடித்துப் பாடிய அண்ணன்மார் கதை (பொன்னர், சங்கர் கதை), கல்யாணத்து ஜமாப் மேளம், பாட்டி பாடிய ஒப்பாரி, இதெல்லாம் உலகத்தில் அந்த ஒரு கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது. 1965-ல் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் அண்ணன்மார் கதையைப் பல இரவுகள் உட்கார்ந்து டேப்பில் பதிந்தார், அதனால் அந்தப் பாடகரின் குரல் இன்றும் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பாடகரின் குரல் இருக்கப் போவது உங்கள் கையில்.

இன்னொரு வகையையும் விட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்தில் ஒரு தாளில் பாட்டு வரிசையை எழுதிக் கடையில் கொடுத்துப் பதிந்து வாங்குவார்கள். பாட்டு ஒவ்வொன்றும் தனியாகக் கிடைக்கலாம், ஆனால் எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) எந்தப் பாட்டுக்குப் பின்னால் எதை வைத்தார் என்பது வேறெங்கும் கிடைக்காது. உள்ளே இருக்கும் அட்டையை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள்.

எடுத்ததும் பிளேயரில் போடாதீர்கள். ஓட்டுக்கடியில் வெந்து கிடந்த கேசட்டை ஒரு நாள் வீட்டுக்குள் நிழலில் வைத்துவிட்டு, கண்ணாடி வழியாக டேப்பைப் பாருங்கள். சுற்றின் மேல் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை, அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், ஓட்டினால் பிளேயரிலும் அடுத்த கேசட்டிலும் ஒட்டிக்கொள்ளும். நன்றாக இருப்பதில், டேப் வெளியே தெரியும் பக்கத்துக்கு எதிர் விளிம்பில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும், அவற்றை உடைத்துவிட்டால் தெரியாமல் ரெக்கார்டை அமுக்கினாலும் அழியாது. அப்புறம் கேசட்டை உள்ளங்கையில் தட்டையாக இரண்டு தட்டுத் தட்டி, பென்சிலை விட்டுத் தளர்ந்த டேப்பை இறுக்கி, ஒரு முறை முழுக்க முன்னே ஓட்டிப் பின்னே சுற்றுங்கள். வருஷக்கணக்காக ஒட்டிக் கிடந்த சுற்று பிரியும்.

பிளேயர்தான் பெரிய பாடு. ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பழைய டூ-இன்-ஒன் இருந்தால் உள்ளே ரப்பர் பெல்ட் தார் மாதிரி இளகியிருக்கும், ரேடியோ ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்தால் மாற்றித் தருவார். வந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்து, டேப்பைத் தொட்டுச் சத்தத்தை எடுக்கும் ஹெட்டைத் துடையுங்கள். முதல் குச்சியில் காப்பிப்பொடி நிறத்தில் அழுக்கு வரும், பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். தின்னரோ பெட்ரோலோ வேண்டவே வேண்டாம், ரப்பர் உருளை கெட்டுப்போகும்.

இப்போது சொல்வதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதுதான் முக்கியம். ஹெட்டுக்குப் பக்கத்தில், அடியில் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். கேசட்டைப் பதிந்த மெஷினில் ஹெட் நின்ற சாய்வும் உங்கள் மெஷினில் நிற்கும் சாய்வும் ஒத்துப்போகாவிட்டால் பாட்டு போர்வைக்குள் இருந்து பாடுவது போல் கேட்கும். கேசட் ஓடும்போதே சின்ன ஸ்க்ரூ டிரைவரால் அந்த ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்புங்கள். குரலைக் கவனிக்காதீர்கள், உடுக்கையையும் கவனிக்காதீர்கள், கூடவே தட்டும் தாளத்தின் கிணுகிணுப்பைக் கவனியுங்கள். அது எங்கே கூர்மையாகத் தெறிக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். எங்கள் கேசட்டில் அரை மில்லிமீட்டர் திருப்பியதும் பாடுகிறவர் அடிக்கு நடுவில் மூச்சிழுப்பது தனியாகக் கேட்டது. ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைச் செய்ய வேண்டும்.

இணைப்பு எளிதுதான். பிளேயரின் இயர்போன் ஓட்டையிலிருந்து கணினியின் லைன்-இன் ஓட்டைக்கு ஒரு வயர். லேப்டாப்பில் பெரும்பாலும் மைக் ஓட்டைதான் இருக்கும், அதில் கொடுத்தால் சத்தம் கரகரக்கும், லைன்-இன் உள்ள சின்ன யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆடாசிட்டி இலவச மென்பொருள், அது போதும். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் என்று வைத்து, கதையில் சத்தம் உச்சத்துக்குப் போகும் இடத்தை முதலில் ஓட்டிப் பார்த்து, ஆடாசிட்டியின் சத்த அளவுகோல் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாதபடி பிளேயரின் வால்யூமை வையுங்கள். ம்ம்ம் என்று ரீங்காரம் வந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். ஒரு மணி நேரக் கேசட் ஏற ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்படுத்த வழியில்லை. ஸ்டீரியோ வேவ் கோப்பாகச் சேமித்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 எம்பி வரும். வரட்டும், எம்பி3 எல்லாம் அப்புறம் நகலில் போட்டுக்கொள்ளலாம்.

இரைச்சலை நீக்கும் வசதியில் கை வைக்கும்போது நிதானம் வேண்டும். முதல் கேசட்டை நான் ஒரு கடையில் கொடுத்தேன். இரைச்சலைத் துடைக்கிறேன் என்று உடுக்கை அடித்தபின் நீளும் கார்வையையும் சேர்த்துத் துடைத்துக் கொடுத்தார்கள், அடி மட்டும் டொக் டொக்கென்று தகர டப்பா மாதிரி மிஞ்சியது. மூலக் கோப்பை அப்படியே வைத்துவிட்டு நகலில் மட்டும் கொஞ்சமாகக் குறையுங்கள். பின்னால் கேட்கும் நாய்க் குரைப்பு, தறிச் சத்தம், யாரோ தண்ணி கேட்பது, எதையும் வெட்டாதீர்கள்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஊர், வருஷம், பாடியவர், பதிந்தவர் நான்கும் இருக்க வேண்டும். தெரியாவிட்டால் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிக் காட்டுங்கள். எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) இரண்டாம் பக்கத்தில் குரவை போடும் குரலைக் கேட்டதும் பெயரைச் சொன்னதோடு, அந்த வருஷம் அண்ணன்மார் போரில் மாண்டு எழுவதைக் காட்டும் படுகளச் சடங்கில் யார் யார் விழுந்து எழுந்தார்கள் என்பதையும் சொல்லிக்கொண்டே போனார். அதையும் போனில் பதிந்து அதே ஃபோல்டரில் போட்டிருக்கிறேன்.

நகல் ஒன்று கணினியில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள், முழுக்கச் சுற்றி, நிமிர்த்தி, ஸ்பீக்கருக்குத் தள்ளி பீரோவில் வையுங்கள். திரும்ப அட்டாலிக்கு வேண்டாம்.