எரிமலைச் சாம்பலால் விமானம் ரத்தானால்: பயணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2010 ஏப்ரல் 14 அன்று ஐஸ்லாந்தின் எய்யாஃப்யாட்லாயோகுட்ல் எரிமலை பனிப்பாறையைப் பிளந்துகொண்டு வெடித்தபோது, வீசிய காற்று அதன் சாம்பலை நேராக ஐரோப்பாவின் மேல் கொண்டுவந்து சேர்த்தது. மறுநாள் தொடங்கி ஏறத்தாழ ஒரு வாரம் பல நாடுகள் தம் வான்வெளியை மூடின. சுமார் ஒரு லட்சம் விமானங்கள் ரத்தாகி, ஏறக்குறைய ஒரு கோடிப் பேரின் பயணம் தடைப்பட்டது. அந்த நெருக்கடியும் அதையொட்டி எழுந்த வழக்குகளும் பயணியின் உரிமை எதுவரை செல்லும் என்பதைத் தெளிவாக்கிவிட்டன. ஆனாலும் எங்கேனும் ஓர் எரிமலை புகையும்போதெல்லாம் பயணிகள் அதே தவறுகளைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

அவற்றுள் அதிகச் செலவு வைப்பது, விமான நிறுவனம் அறிவிப்பதற்கு முன்பாகவே பயணி தானாக டிக்கெட்டை ரத்து செய்வதாகும். தொலைக்காட்சியில் சாம்பல் மேகத்தைப் பார்த்தவுடன் கைபேசியை எடுத்து ரத்து செய்துவிட்டால், அது பயணியின் சொந்த விருப்பமாகவே கணக்கில் கொள்ளப்படும். வழக்கமான ரத்துக் கட்டணமும் பிடிக்கப்படும். நிறுவனமே விமானத்தை ரத்து செய்யும்வரை பொறுத்திருந்தால், முழுத் தொகையையோ மாற்று விமானத்தையோ கேட்கும் உரிமை கைக்கு வரும்.

அதற்குப் பிறகும் அவசரப்படக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 எண் ஒழுங்குமுறைப்படி, ரத்தான விமானத்தின் பயணி பணத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது இயன்ற விரைவில் மாற்றுப் பயணத்தைக் கோரலாம். மாற்றுப் பயணத்துக்காகக் காத்திருக்கும்வரை உணவும், தேவைப்பட்டால் தங்கும் விடுதியும், விடுதிக்குச் சென்றுவரும் வாகனமும் நிறுவனத்தின் பொறுப்பு. பணத்தைத் திரும்பக் கேட்ட கணமே அந்தப் பொறுப்பு முடிந்துவிடுகிறது. ஊருக்குத் திரும்ப வேறு வழியே இல்லாத நிலையில், கவுன்டரில் இருப்பவர் ‘பணத்தை வாங்கிக்கொள்கிறீர்களா?’ என்று கேட்டதும் தலையாட்டுபவர், அன்றிரவு முதல் விடுதிச் செலவைத் தாமே ஏற்க வேண்டியிருக்கும். உள்ளூரிலேயே இருந்து பயணத்தைத் தொடங்கவிருந்தவருக்குப் பணம் நல்ல தேர்வு. வெளியூரில் சிக்கிக்கொண்டவருக்குப் பெரும்பாலும் அன்று.

‘இயற்கைச் சீற்றம்தானே, நிறுவனம் என்ன செய்யும்?’ என்று ஒதுங்கிவிடுவதும், மாறாக நஷ்டஈடு கேட்டு மல்லுக்கு நிற்பதும் ஒருசேரத் தவறு. 2010 ஏப்ரல் 17 அன்று போர்ச்சுகலின் ஃபாரோவிலிருந்து டப்ளின் செல்லவிருந்த ஒரு பயணியால் 24ஆம் தேதிதான் ஊர் திரும்ப முடிந்தது. இடைப்பட்ட நாட்களின் உணவு, விடுதி, போக்குவரத்துக்குச் செலவான ஏறத்தாழ 1,130 யூரோவைக் கேட்டு அவர் வழக்குத் தொடுத்தார். சாம்பல் மேகம் சட்டம் சொல்லும் ‘அசாதாரணச் சூழ்நிலை’யையும் (நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மீறிய நிலை) தாண்டியது, ஆகவே இந்தச் செலவுகள் தன் பொறுப்பல்ல என்று வாதிட்ட விமான நிறுவனத்தின் கூற்றை, 2013 ஜனவரி 31 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஏற்கவில்லை. எரிமலை வெடிப்பு அசாதாரணச் சூழ்நிலை என்பதால், 250 முதல் 600 யூரோ வரையிலான நஷ்டஈடு கிடையாது. ஆனால் உணவும் விடுதியும் தந்து பயணியைப் பராமரிக்கும் கடமைக்கு நாள் கணக்கிலோ பண அளவிலோ உச்சவரம்பு இல்லை என்றது தீர்ப்பு. நிறுவனம் கைவிட்ட நிலையில் பயணி தாமே செய்த செலவில் அவசியமானது, பொருத்தமானது, நியாயமானது எதுவோ அதுவே திரும்பக் கிடைக்கும். ஆகவே நடுத்தர விடுதியின் ரசீதுக்கு மதிப்புண்டு. கடலைப் பார்த்த சொகுசு அறைக்கு இல்லை. ரசீதே வாங்காதவருக்கு எதுவும் இல்லை.

இந்தச் சட்டம் எல்லா விமானத்துக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடவும் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படும் விமானம் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் இதில் அடங்கும். வெளியிலிருந்து அங்கே செல்வதாயின், ஐரோப்பிய ஒன்றிய நிறுவனமாக இருந்தால்தான் அடங்கும். பாரிஸிலிருந்து சென்னை வருபவருக்கு உள்ள பாதுகாப்பு, வளைகுடா நிறுவனமொன்றில் சென்னையிலிருந்து பாரிஸ் செல்பவருக்கு இல்லை.

வானம் தெளிவாகத்தானே இருக்கிறது என்று ஊழியர்களிடம் சண்டை பிடிப்பவர்கள் 1982 ஜூன் 24 அன்று நடந்ததை அறிந்திருப்பது நல்லது. லண்டனில் புறப்பட்டு பம்பாய், மெட்ராஸ், கோலாலம்பூர் வழியாக வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானம், பெர்த்தை நோக்கி இரவில் பறந்துகொண்டிருந்தபோது, ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்தது. காய்ந்த சாம்பல் வானிலை ரேடாரில் தெரியாததால் விமானிகளுக்கு எச்சரிக்கையே கிடைக்கவில்லை. எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பல் போல மென்மையானதன்று. பாறைத் துகளும் கண்ணாடித் துகளுமாக இருப்பது. என்ஜினின் வெப்பத்தில் அது உருகி உள்ளே ஒட்டிக்கொள்ள, நான்கு என்ஜின்களும் அடுத்தடுத்து நின்றன. 37,000 அடி உயரத்திலிருந்து சுமார் 12,000 அடி வரை மிதந்து இறங்கிய பிறகே அவை மீண்டும் இயங்கின. ஜகார்த்தாவில் தரையிறங்கும்போது, துகள்கள் உரசி மங்கிப்போன முகப்புக் கண்ணாடி வழியாக ஓடுபாதையை விமானிகளால் சரியாகப் பார்க்கக்கூட முடியவில்லை. விமானத்தில் இருந்த 263 பேரும் உயிர் தப்பினர்.

வான்வெளி திறந்துவிட்டது என்ற செய்தியைக் கேட்டதும் பெட்டியுடன் விமான நிலையத்துக்கு ஓடுவது மற்றொரு தவறு. விமானங்களும் பணியாளர்களும் ஆங்காங்கே சிதறிக் கிடக்க, தேங்கிப்போன பயணிகளை அனுப்பி முடிக்கவே பல நாட்கள் பிடிக்கும். 2025 நவம்பரில் எத்தியோப்பியாவின் ஹைலி குப்பி எரிமலைச் சாம்பல் செங்கடலைத் தாண்டி டெல்லி வரை வந்தபோது, நிலையங்கள் திறந்தே இருந்தும், சாம்பல் பரவிய வழியில் பறந்த விமானங்களைச் சோதிப்பதற்காகச் சில பயணங்கள் ரத்தாயின. புறப்படும் நேரத்தை நிறுவனத்திடமே உறுதிசெய்துகொள்ள வேண்டும். டிக்கெட் எடுக்கும்போது கொடுத்த கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் முகவருடையதாக இல்லாமல் தம்முடையதாக இருக்க வேண்டும்.

மலிவாகக் கிடைக்கிறதென்று இரு நிறுவனங்களில் தனித்தனி டிக்கெட் எடுப்பவர்களுக்கு, முதல் விமானம் ரத்தானால் இரண்டாவது விமானத்தின் நிறுவனம் எந்த வகையிலும் பொறுப்பாகாது. பாலி போன்ற இடங்களில் சிக்கியவர்கள் விசாவின் காலாவதித் தேதியையும் மறந்துவிடுகிறார்கள். இந்தோனேசியாவில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் பத்து லட்சம் ருப்பியா அபராதம் உண்டு. விமானம் ரத்தானதற்கான கடிதத்தை நிறுவனத்திடம் எழுத்தில் பெற்று, கெடு முடியும் முன்பே குடிநுழைவு அலுவலகத்துக்குச் சென்றுவிட வேண்டும்.

பயணக் காப்பீட்டைப் பொறுத்தவரை தேதிதான் எல்லாம். எரிமலை வெடித்த செய்தி வெளியான பிறகு வாங்கிய பாலிசியில், அது முன்பே தெரிந்த நிகழ்வாகக் கருதப்பட்டுக் கோரிக்கை பொதுவாக நிராகரிக்கப்படும். முன்கூட்டியே வாங்கியிருந்தாலும், விலக்குகளின் பட்டியலில் எரிமலையோ இயற்கைப் பேரிடரோ இடம்பெற்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோரிக்கை அனுப்பும்போது டிக்கெட், ரத்துக் கடிதம், ரசீதுகள் ஆகியவற்றுடன், விமான நிறுவனம் எவ்வளவு கொடுத்தது அல்லது மறுத்தது என்பதற்கான பதிலையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். அந்தப் பதில் இல்லாத கோரிக்கையை, முதலில் அங்கே கேளுங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.