பழைய சைக்கிள் போஸ்டர் வாங்கும் முன் செயின் எந்தப் பக்கம் என்று பாருங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் அப்பா 25 வருடம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். அதனால்தானோ என்னவோ, சைக்கிள் படம் எங்கே கண்ணில் பட்டாலும் என் கால் அங்கேயே நின்றுவிடும். சில வருடங்களுக்கு முன் பழம்பொருள் விற்கும் ஒரு கடையில் ஒரு போஸ்டரைப் பார்த்தேன். பழுப்பேறிய தாள், கூந்தல் பறக்கச் சைக்கிளில் போகும் ஒரு பெண், மூலையில் 1896 என்று எண். "ஒரிஜினல் பாரிஸ் சார்" என்றார் கடைக்காரர். 6,500 ரூபாய் கொடுத்துச் சுருட்டி வாங்கி வந்தேன்.

அப்பா அந்தப் பெண்ணை ஏறிட்டும் பார்க்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வண்டியைத்தான் பார்த்தார். "செயின் ஏண்டா இந்தப் பக்கம் இருக்கு?" என்றார்.

சைக்கிளில் செயின் ஓட்டுகிறவரின் வலக்கால் பக்கம் இருக்கும். ஆகவே படத்தில் வண்டி நமக்கு வலப்புறம் நோக்கிப் போனால் செயினும் பல்சக்கரமும் பிரேமுக்கு முன்னால் முழுசாகத் தெரிய வேண்டும். இடப்புறம் நோக்கிப் போனால் அவை பிரேமுக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும். நான் வாங்கி வந்த படத்தில் வண்டி இடப்புறம் போகிறது, செயின் பளிச்சென்று முன்னால் தெரிகிறது. பிரேக் கம்பி ஹேண்டில்பாரில் கிளம்பி எங்கேயும் போய்ச் சேரவில்லை. யாரோ அண்மையில் கம்ப்யூட்டரில் 'பழைய பாணி'யில் உருவாக்கி, டீ நிறம் ஏற்றி அச்சடித்த படம் அது. வாங்கும்போது நான் பெண்ணைப் பார்த்தேன், வண்டியைப் பார்க்கவில்லை. இந்தப் படங்களை வாங்குகிறவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான்.

அந்தக் காலத்துச் சைக்கிள் கம்பெனிக்காரர்கள் இந்த விஷயத்தில் அப்பாவை விடக் கறாரானவர்கள். 1896இல் சிம்ப்சன் செயின் விளம்பரத்துக்காக ஓவியர் துலூஸ் லோத்ரெக் வரைந்த முதல் படத்தில் செயினும் பெடலும் சரியாக வரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் வேறொன்று வரைந்து கொடுத்தார். அதுதான் இன்று உலகம் முழுக்கப் பிரதி எடுக்கப்படும் சிம்ப்சன் செயின் போஸ்டர். காசு கொடுத்து விளம்பரம் செய்கிறவன் தன் சரக்கைத் தப்பாக வரைய விடுவானா?

சரி, செயின் சரியாக இருக்கிறது. அப்புறம்? நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சவுகார்பேட்டைப் பக்கம் போனால் கிடைக்கும். படத்தில் ரோஜா நிறமோ ஆரஞ்சு நிறமோ உள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் குட்டிக் குட்டிப் பூக்கள் போல ஒழுங்காக அடுக்கியிருந்தால் அது ஆஃப்செட் அச்சு. கல்யாணப் பத்திரிகையிலும் காலண்டரிலும் பார்ப்பது அதுதான். 1890களின் போஸ்டர்கள் கல் அச்சில் வந்தவை. சுண்ணாம்புக் கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள கிரேயானால் வரைந்து, கல்லை நனைத்து, மை உருட்டி எடுப்பார்கள். தண்ணீர் இருக்கும் இடத்தில் மை ஒட்டாது, கோட்டில் மட்டும் ஒட்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். அதனால் லென்ஸில் பார்த்தால் கரும்பலகையில் சாக்பீஸ் தேய்த்தது போல ஒழுங்கில்லாத பொரிப்பொரியான தடம் தெரியும். ரோஜா நிறம் என்றால் ரோஜா நிற மையாகவே இருக்கும், அல்லது இரண்டு மைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். இங்க்ஜெட் பிரிண்டர் இதில் கொஞ்சம் ஏமாற்றும். அதன் புள்ளிகளும் சிதறித்தான் இருக்கும். ஆனால் மிக நுண்ணியவை, தூவியது போல எல்லா இடத்திலும் ஒரே அளவு. பிற்காலத்துப் போஸ்டர்களில் ஆஃப்செட்டே ஒரிஜினல் என்பதால், புள்ளி தெரிந்தாலே போலி என்று 1960களின் படத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

லென்ஸ் இல்லாவிட்டால் டேப் எடுத்து அளந்து பாருங்கள். 1896 என்று சொல்லும் தாள் கச்சிதமாக ஏ3 அளவில் இருந்தால் சிரித்துவிட்டு நகரலாம். அந்த ஏ வரிசை அளவுகளே 1922இல் ஜெர்மனியில் வந்தவை. பாரிஸ் தெருச் சுவருக்கு அடித்த போஸ்டர்களில் பல ஒரு மீட்டருக்கும் மேல் உயரம். மடிப்புக் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற மடிப்பு விரலுக்குத் தட்டுப்படவில்லை என்றால் மடிப்பையும் சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள். பிரெஞ்சுப் போஸ்டரில் வரி முத்திரைத் தலை ஒட்டியிருந்தால் அசிங்கமாக இருக்கிறதே என்று சுரண்டாதீர்கள். சுவரில் ஒட்டும் போஸ்டருக்கு அங்கே வரி கட்ட வேண்டியிருந்தது. அந்த முத்திரை அதன் ஜாதகத்தில் ஒரு பகுதி.

இவ்வளவு சொன்னதால் பிரதி வாங்குவதே பாவம் என்று நினைக்க வேண்டாம். நான் ஏமாந்தது விலையில்தான். இன்று என் ஹாலில் மாட்டியிருப்பதும் பிரதிதான். லோத்ரெக் 1901இல் இறந்தார், சைக்கிள் போஸ்டர் வரைந்த இன்னொரு ஓவியர் அல்ஃபோன்ஸ் மூக்கா 1939இல். நம் நாட்டுச் சட்டப்படி ஓவியர் இறந்து 60 வருடம் கழிந்தால் காப்புரிமை தீர்ந்துவிடும். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸும் பிரான்ஸின் தேசிய நூலகமும் இந்தக் காலத்துப் போஸ்டர்கள் பலவற்றைப் பெரிய அளவில் ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கின்றன. அங்கே எடுக்காமல் வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பெரிதாக்கி அடிப்பவர்கள் நிறைய. 16க்கு 20 அங்குலத்தில் அடிக்க வேண்டுமானால் குறைந்தது 3,200க்கு 4,000 பிக்சல் வேண்டும். இன்னொன்று, பேனர் கடையில் பிளெக்ஸில் அடித்துவிடாதீர்கள். கட்சி மாநாடு ஞாபகம் வரும். பளபளப்பில்லாத கெட்டித் தாளில் அடித்தால்தான் அந்த மை தாளுக்குள் இறங்கின தோற்றம் கொஞ்சமாவது கிடைக்கும்.

இந்தப் படங்களில் அப்படி என்ன கவர்ச்சி என்று என் மனைவி கேட்டிருக்கிறாள். இரண்டு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவான, செயின் பூட்டிய ரோவர் சைக்கிள் 1885இல் வந்தது. டன்லப்பின் காற்றடித்த டயர் 1888இல். அதற்கு முன் ஆள் உயரச் சக்கரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று ஆனது. முக்கியமாகப் பெண்கள். ஊரே சைக்கிள் பைத்தியம் பிடித்து அலைந்த அந்தப் பத்து வருடத்தில் நூற்றுக்கணக்கான கம்பெனிகள் போட்டி போட, ஜூல் ஷெரே போன்ற போஸ்டர் ஓவியர்கள் வண்ணக் கல் அச்சைத் தெருவுக்கே கொண்டுவந்திருந்தார்கள். மூக்கா 1902இல் பெர்ஃபெக்டா சைக்கிளுக்கு வரைந்ததில் வண்டியே சரியாகத் தெரியாது. ஹேண்டில்பாரில் சாய்ந்த பெண்ணும் அவள் கூந்தலும்தான். ஆனாலும் வேகம் தெரியும். முதல் முறை யாரும் பிடிக்காமல் விட்டபோது வண்டி தானாகப் போன அந்த நிமிஷம், குரங்கு பெடல் போட்டுப் பழகிய எவருக்கும் புரியும்.

ஆனால் எந்தப் படத்தை எங்கே மாட்டுகிறோம் என்று யோசிக்க வேண்டும். கிளாடியேட்டர் சைக்கிள் போஸ்டர் ரொம்பப் பிரபலம், நட்சத்திர வானில் துணியில்லாத பெண் சிறகு வைத்த சைக்கிளோடு பறப்பாள். நண்பர் ஒருவர் அதை ஹாலில் மாட்டினார். மாமியார் வரும்போதெல்லாம் அதன் மேல் காலண்டர் தொங்கும். ஆப்பிரிக்கர் ஒருவர் சிங்கத்திடமிருந்து ராலே சைக்கிளில் தப்பி ஓடும் போஸ்டரையும் சிலர் வேடிக்கை என்று வாங்குகிறார்கள். அது யாரைப் பார்த்து யார் சிரித்த படம் என்று எனக்குத் தோன்றும். நான் வாங்கவில்லை.

இனி பிரேம். வட சென்னையில் இருப்பவர்கள் இங்கேதான் அதிகம் கோட்டை விடுகிறோம். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை எங்கே இருந்தாலும் கடல் காற்று பிசுபிசுவென்று வீட்டுக்குள் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் சுவர் ஓதம் வேறு. என் முதல் பிரேமைப் போட்டவர் படத்தைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்து, பின்னால் ஹார்ட்போர்டு கொடுத்து, நாலு மூலையிலும் செல்லோ டேப் போட்டு, ஆணி அடித்துவிட்டார். "புதுப் படம்தானே சார், இன்னா ஆயிடப்போவுது" என்றார். இரண்டே மழைக்காலம். கண்ணாடிக்குள் வேர்த்த நீரில் மை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது அந்தப் பெண்ணின் ஒரு கன்னம் கண்ணாடியோடு வந்துவிட்டது. டேப் ஒட்டிய இடமெல்லாம் பழுப்பு. ஓரத்தில் ராமபாணப் பூச்சி அரித்திருந்தது.

ஆகவே படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட், அதாவது படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை, கட்டாயம். அந்த அட்டை அமிலமில்லாத அட்டையா என்று கேட்டு வாங்குங்கள். ஒரிஜினல் தாளுக்கு செல்லோ டேப், ஃபெவிகால், லேமினேஷன் மூன்றுமே ஆகாது. லேமினேஷனைத் திரும்ப எடுக்கவே முடியாது. கிழிந்திருந்தால் மைதா காய்ச்சி ஒட்டலாமே என்று தோன்றும். சினிமா போஸ்டர் ஒட்டுகிறவர்கள் அந்தப் பசையில் மயில்துத்தம் கலப்பதே பூச்சிக்குப் பயந்துதான். தாள் பாதுகாப்பு தெரிந்தவர்கள் கோதுமை ஸ்டார்ச்சைத் தனியாகப் பிரித்துக் காய்ச்சி, ஜப்பானியத் தாளில் தடவி ஒட்டுவார்கள். விலை உயர்ந்த படம் என்றால் அவர்களிடமே விடுங்கள். பிரேமின் கீழ் இரண்டு மூலையிலும் பின்னால் பாட்டில் கார்க்கை வெட்டி ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். குளியலறைச் சுவரிலும், மழை நேராக அடிக்கும் வெளிச்சுவரின் உட்புறத்திலும் மாட்டவே மாட்டாதீர்கள். தரைத் தளத்தில் இருப்பவர்கள் படங்களைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் வைக்க வேண்டாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் முதலில் மிதந்தவை கட்டிலுக்கடியில் இருந்தவைதான்.

வெயில் தனி விரோதி. டீக்கடை வாசலில் பல வருடம் மாட்டிய சாமி படத்தைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பும் மஞ்சளும் போய் முருகன் நீலமாக நிற்பார். ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் உங்கள் பாரிஸ் பெண்ணும் அப்படித்தான்.

கடைசியாக ஒன்று. பாரிஸைத் தேடுகிற அவசரத்தில் பக்கத்தில் இருப்பதைக் கோட்டை விடுகிறோம். 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் இங்கே அம்பத்தூரில்தான் ஹெர்குலிஸும் பிஎஸ்ஏவும் செய்தது. பிஎஸ்ஏ பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்த கம்பெனி, மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்தியதே அதன் முத்திரை. அந்த வண்டிகளின் காலண்டர், விலைப்பட்டியல், கடை வாசல் எனாமல் போர்டு எல்லாம் மூடிய சைக்கிள் கடைகளிலிருந்து கிலோ கணக்கில் பழைய இரும்புக் கடைக்கும் பேப்பர் கடைக்கும் போகின்றன. எனாமல் போர்டு வாங்கும்போது திருகாணி ஓட்டையைப் பாருங்கள். உண்மையான துரு ஓட்டையைச் சுற்றியும் எனாமல் சில்லு பெயர்ந்த இடத்திலும்தான் பிடிக்கும். நடுவில் அழகழகாகத் திட்டுத் திட்டாகத் துரு இருந்தால் அது தூரிகை வேலை. கிடைத்ததும் எஃகு நாரால் தேய்த்துப் பளபளப்பாக்கி விடாதீர்கள். ஈரத்துணியில் துடைத்தால் போதும்.

எங்கள் கடையின் தகரப் போர்டே பல வருடம் மாடியில் தண்ணீர் டிரம்முக்கு மூடியாகக் கிடந்தது. 'மணிக்கு 50 காசு, டபுள்ஸ் கூடாது' என்று நீலத்தில் வெள்ளை எழுத்து, ஓரத்தில் ஒரு சின்னச் சைக்கிள். போன தீபாவளிக்கு முன் துடைத்து, பழைய ஆணி ஓட்டையிலேயே கம்பி கோத்து ஹாலில் மாட்டினேன். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அந்தச் சின்னச் சைக்கிளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வண்டி வலப்புறம் போகிறது. செயின் முன்னால்தான் இருக்கிறது.