ஆம்ஸ்டர்டாம்ல ஆன் ஃபிராங்க் ஒளிஞ்சிருந்த வீடு: முதல் தடவ போறவங்களுக்கு

ஆன் ஃபிராங்க், ரெண்டாம் உலகப்போர் சமயத்துல நாஜிகளுக்கு பயந்து குடும்பத்தோட ஒளிஞ்சிருந்து டைரி எழுதின யூதப் பொண்ணு, அந்த வீடு தான் இப்போ மியூசியம். ஃபிளைட் டிக்கெட் போட்டாச்சா, அடுத்த வேலை இந்த மியூசியம் டிக்கெட் தான், தள்ளிப் போடாதீங்க. வாசல்ல போய் நின்னா டிக்கெட் கிடைக்காது, மியூசியத்தோட சொந்த வெப்சைட்ல மட்டும் தான். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அந்த ஊர் நேரம் காலைல 10 மணிக்கு, ஆறு வாரம் கழிச்சு வர்ற நாளுக்கெல்லாம் திறந்து விடுவாங்க. இந்தியாவுல இருந்து போடுறீங்கன்னா மதியம் ஒன்றரை, அங்க குளிர்காலம்னா ரெண்டரை. சீக்கிரம் தீர்ந்துடும், அதனால எந்த நாள், எந்த டைம்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டு உக்காருங்க.

ரெண்டாவது, போறதுக்கு முன்னாடி ஆனோட டைரிய கொஞ்சமாவது படிச்சிட்டுப் போங்க. ஏன்னா உள்ள ரூமெல்லாம் காலியா தான் இருக்கும். ஒளிஞ்சிருந்தவங்கள போலீஸ் பிடிச்சிட்டுப் போனதுக்கப்புறம் நாஜிகள் சாமானெல்லாம் அள்ளிட்டாங்க, அப்பா ஓட்டோ ஃபிராங்க் அது அப்படியே காலியா இருக்கட்டும்னு சொல்லிட்டாரு. கதை தெரியாம போனா வெறும் சுவரு தான் தெரியும்.

சுருக்கமா சொல்றேன். 1942 ஜூலை 6, ஓட்டோவோட ஆபீஸ் கட்டடத்துல பின்கட்டுக்கு குடும்பத்தோட வந்து ஒளியுறாங்க, அப்புறம் இன்னும் நாலு பேரு, மொத்தம் எட்டு பேரு, ரெண்டு வருஷத்துக்கு மேல. கீழ குடோன்ல வேலை செய்றவங்களுக்கு தெரியக்கூடாதுன்னு பகல்ல மெதுவா தான் நடக்கணும், டாய்லெட்ல தண்ணி ஊத்தக்கூடாது. முன்பக்க ஆபீஸ்ல இருந்த மீப் கீஸ் மாதிரி சில பேரு உயிர பணயம் வச்சு சாப்பாடு கொண்டு வந்து குடுத்தாங்க.

போறது ஈசி. சென்ட்ரல் ஸ்டேஷன்ல இருந்து 13 இல்லன்னா 17 நம்பர் டிராம் ஏறி வெஸ்டர்மார்க்ட் ஸ்டாப்ல இறங்குங்க, பெரிய சர்ச் கோபுரம் தெரியும், பக்கத்துலயே தான். பெரிய பேக் வேண்டாம், ரூம்லயே வச்சிட்டுப் போங்க. படி ரொம்ப செங்குத்து, முட்டி வலி இருக்குற அப்பா அம்மாவ கூட்டிட்டுப் போறீங்கன்னா இத யோசிச்சுக்கோங்க. உள்ள போட்டோ எடுக்க விட மாட்டாங்க.

உள்ள போனதும் ஆடியோ கைடு குடுப்பாங்க, கேட்டுட்டே நடங்க. ஒரு இடத்துல புக் ஷெல்ஃப் ஒண்ணு கதவு மாதிரி திறந்திருக்கும், அதுக்குப் பின்னாடி தான் பின்கட்டு. பின்னாடி வர்றவங்க நகர நகர நாமளும் நகர்ந்துடுவோம், ஆனா ஓட்டோ தங்கியிருந்த ரூம்ல மட்டும் தயவுசெஞ்சு நில்லுங்க. சுவத்துல பென்சில் கோடு இருக்கும், நம்ம வீட்ல புள்ளைங்கள சுவரோரமா நிக்க வச்சு உயரம் குறிப்போம்ல, அதே தான். ஒளிஞ்சிருந்த காலத்துல ஆன் 13 சென்டிமீட்டருக்கு மேல வளர்ந்திருக்கா. அதே சுவத்துல பிரான்ஸ்ல இருக்குற நார்மண்டியோட மேப் ஒண்ணு, ஜெர்மனிய எதிர்த்து வந்த நேச நாட்டுப் படை எதுவரைக்கும் வந்திருக்குன்னு குண்டூசி குத்தி குத்தி பாத்திருக்காங்க. 1944 ஆகஸ்ட் 4ல போலீஸ் வந்து எல்லாரையும் பிடிச்சிடுச்சு, ஆனுக்கு அப்போ வயசு 15. எட்டு பேர்ல ஓட்டோ மட்டும் தான் உயிரோட திரும்பி வந்தாரு.

கடைசில கண்ணாடிக்குள்ள செக்டு அட்டை போட்ட அந்த டைரி இருக்கும். மொத்தமா ஒரு மணி நேரம் ஆகும், ஆனா வெளிய வந்த உடனே அடுத்த இடத்துக்கு ஓடுற மாதிரி பிளான் போடாதீங்க, அந்த கால்வாய் ஓரத்துல கொஞ்ச நேரம் உக்கார டைம் விட்டு வைங்க.