குழந்தையின் முதுகில் கட்டி: எப்போது டாக்டரிடம் காட்ட வேண்டும்?

முதுகில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டால், அளவைவிட இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கழுத்திலிருந்து பிட்டம் வரை நடு முதுகெலும்பின் மேல் இருந்தால், எவ்வளவு சிறியதானாலும், வலியே இல்லாவிட்டாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கருவில் முதுகெலும்பு முழுதாக மூடாத இடத்தில், தோலுக்கு அடியில் கொழுப்போ தண்டுவட நீரோ சேர்ந்து மெத்தென்று புடைத்திருக்கலாம். அழும்போது கட்டி விம்மினால் இந்தச் சந்தேகம் வலுக்கும்.

கட்டியைச் சுற்றியுள்ள தோலையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். முடிக்கொத்து, சிவந்த தழும்பு போன்ற திட்டு, குழி ஏதாவது இருக்கிறதா? ஆசனவாயிலிருந்து 2.5 செ.மீ.க்குள், நடுவில், 5 மி.மீ.க்கும் குறைவான அகலத்தில், அடி தெரிகிற ஒற்றைக் குழி பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. குழி அந்த இடத்தைவிட மேலே, முதுகுப் பக்கமாக இருந்தாலோ, அடி தெரியாவிட்டாலோ, கசிந்தாலோ ஸ்கேன் தேவை. குழிக்குள் எதையும் விட்டுச் சுத்தம் செய்யாதீர்கள்.

'வளர வளரச் சரியாகிவிடும்' என்று காத்திருப்பதில் ஒரு நஷ்டம் உண்டு. முதல் 3 மாதங்களில் முதுகெலும்பின் பின்பகுதி இன்னும் குருத்தெலும்பாக இருப்பதால், சாதாரண அல்ட்ராசவுண்டிலேயே தண்டுவடம் தெரியும். எலும்பு இறுகிய பிறகு எம்.ஆர்.ஐ.தான், அசையாமல் இருக்கக் குழந்தைக்கு மயக்க மருந்தும் தேவைப்படலாம்.

நடுவில் இல்லாமல் ஓரமாக உள்ள கட்டிகள் பல ஆபத்தில்லாதவை. ஆனால் சிரமமான பிரசவத்துக்குப் பின் முதல் சில வாரங்களில் முதுகில் கெட்டியான முடிச்சுகள் தோன்றினால், அது கொழுப்புத் திசு சேதமாக இருக்கலாம். தானாகக் கரையும் என்றாலும், ரத்தத்தில் கால்சியம் ஏறக்கூடும். பால் குடிக்க மறுப்பது, வாந்தி, மலச்சிக்கல் இருந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

கட்டியின் தோல் கிழிந்தாலோ, தெளிந்த நீர் கசிந்தாலோ, ஒரு கால் அசைவு குறைந்தாலோ, சிறுநீர் ஓயாமல் சொட்டினாலோ நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தாலும் அப்படியே. கிழிந்த இடத்தைத் துடைக்காமல், சலைனில் நனைத்த ஸ்டெரைல் காஸ் துணியால் தளர்வாக மூடி, அழுத்தம் படாதபடி ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சைக் கவனித்தபடி கொண்டுபோங்கள்.

எந்தக் கட்டியையும் நீவவோ பிதுக்கவோ குத்தவோ கூடாது. தண்டுவட நீரோடு தொடர்பு இருந்தால் கிருமி நேரே மூளைச்சவ்வு வரை போகும். பக்கத்தில் ஸ்கேலை வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வளர்கிறதா என்று மருத்துவர் கேட்கும்போது அதையே காட்டலாம்.