ஆன்லைனில் ஆர்பிஜி ஆடத் தளம் தேடுகிறீர்களா? நான் செய்த தவறுகளைச் செய்யாதீர்கள்

ஆர்பிஜி என்றால் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. எங்கள் குழு அதை ஆன்லைனில் ஆட, இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து மேப்பில் ஒரு கோட்டைக்குச் சுவர் வரைந்தேன். ஒவ்வொரு கதவும் திறக்கும், மூடும். பந்தம் பிடித்தவன் நகர்ந்தால் வெளிச்சமும் கூடவே நகரும். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஐந்து பேரும் உள்ளே வந்தார்கள். ஒருத்தன் லேப்டாப்பில் திரை முழுக்கக் கறுப்பு, இன்னொருத்திக்கு டோக்கன் (மேப்பில் அவள் பாத்திரத்தைக் காட்டும் காய்) ஒரு கட்டம் நகர அரை நிமிஷம். "இப்ப தெரியுதா? இப்ப?" என்று கேட்டே ஒரு மணி நேரம் போனது. கடைசியில் லைட்டிங்கை அணைத்துவிட்டு ஆடினோம். அவர்கள் கோட்டைக்குள் போகவே இல்லை என்பது தனிக் கதை, வாசற்காவலனிடம் பேரம் பேசியே அன்றைய செஷனை ஓட்டிவிட்டார்கள்.

என் கணினியில் எல்லாம் அருமையாக ஓடியது. அதுதான் முதல் தவறு. இப்படி மேப், டோக்கன், பகடை எல்லாவற்றையும் திரையில் தரும் தளத்துக்குப் பெயர் விர்ச்சுவல் டேபிள்டாப், சுருக்கமாக விடிடி. அதைத் தேர்ந்தெடுக்கும் வேலை எப்போதும் கதையை நடத்தும் கேம் மாஸ்டர் தலையில்தான் விழும், குழுவிலேயே நல்ல கணினி பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கும். பார்க்க வேண்டியதோ குழுவில் இருப்பதிலேயே பழைய லேப்டாப்பை. மேப் படம் 5 எம்பிதானே என்று நினைப்போம். 40க்கு 30 கட்டம், கட்டத்துக்கு 140 பிக்சல் என்றால் அது 5600க்கு 4200. பிரௌசர் அதை விரித்துக் கிராபிக்ஸ் நினைவகத்தில் வைக்கும்போது பிக்சலுக்கு 4 பைட் வீதம் 94 எம்பி பிடிக்கும், ஃபைல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி. கட்டத்துக்கு 70 பிக்சலாகக் குறைத்தால் அதில் கால்வாசிதான். பாதிப் பிரச்சினை தளத்தை மாற்றாமலே இதில் தீர்ந்துவிடும் (எனக்கு இது தெரிய ஒரு வருஷம் ஆனது, அதற்குள் இரண்டு தளம் மாறியிருந்தேன்).

ஃபோனில் சேரலாம் என்று யாராவது சொன்னால் அதையும் முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள். ஃபவுண்ட்ரி என்ற விடிடி அடிப்படையில் பெரிய திரைக்காகச் செய்யப்பட்டது, ஃபோனில் கேரக்டர் ஷீட்டை (பாத்திரத்தின் விவரத் தாள்) திறந்தால் மேப் காணாமல் போகும்.

அடுத்தது பணம். "இலவசம்", "ஒரே தடவை கட்டினால் போதும்" என்ற வார்த்தைகளை நம்பி இறங்குவது. 2012ல் வந்த ரோல்20 என்ற விடிடியைப் பிரௌசரில் இலவசமாகவே ஆரம்பிக்கலாம். ஆனால் பெரிய மேப்பாக ஏற்ற ஆரம்பித்தால் இலவசக் கணக்கின் சேமிப்பிடம் சீக்கிரமே நிரம்பும், டைனமிக் லைட்டிங் (பாத்திரம் நகர நகர வெளிச்சமும் மாறுவது) போன்ற வசதிகள் நெடுங்காலம் சந்தாக்காரர்களுக்கு மட்டும்தான் இருந்தன. ஃபவுண்ட்ரி 50 டாலர், வரி தனி. ஒரே தடவைதான், அதுவும் கேம் மாஸ்டர் மட்டும் வாங்கினால் போதும், ஆடுபவர்களுக்குச் செலவே இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதை ஓட்டும் சர்வர் உங்கள் பொறுப்பு. உங்கள் கணினியிலேயே ஓட்டி 30000 என்ற போர்ட்டை (வெளியிலிருந்து இணைப்பு வரும் வாசல்) ரூட்டரில் திறந்துவிடு என்பார்கள். நம் ஊர் இணைப்புகள் பலவற்றில் இது வேலைக்கே ஆகாது, ஏனென்றால் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்குபோட்டுக் கொடுத்திருப்பார்கள். ரூட்டருக்குள் போய் WAN முகவரியை (இணைய நிறுவனம் ரூட்டருக்குக் கொடுத்தது) பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் ஆரம்பித்தால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர், என்ன போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. அப்போது கணினிகளைத் தனி வலையாக இணைக்கும் டெயில்ஸ்கேல் மாதிரி ஒன்றையோ, ஃபோர்ஜ் போன்ற வாடகை சர்வரையோ தேட வேண்டும். வாடகை என்று வந்துவிட்டால் மாதச் செலவு திரும்ப வந்துவிட்டது, இல்லையா?

மாதச் சந்தாவிலும் நமக்கு ஒரு தலைவலி உண்டு. 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் விதி அமலுக்கு வந்தபின், இந்தியக் கார்டுகளிலிருந்து வெளிநாட்டுச் சந்தா தானாகப் பிடிபடுவது பல இடங்களில் நின்றுபோனது. ஆட்டத்துக்கு முந்தின நாள் சந்தா காலாவதியானதைக் கண்டுபிடிக்கும் அனுபவம் வேண்டாம். வருஷக் கட்டணமாகக் கட்ட முடிந்தால் கட்டிவிடுங்கள்.

சர்வரை விட அதிகமாகப் பணம் போவது விதிப் புத்தகங்களில். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஆட்டத்தின் அதிகாரப்பூர்வத் தளமான டி அண்ட் டி பியாண்டில் வாங்கிய புத்தகம் ரோல்20க்குள் வந்துவிடாது, அங்கே மறுபடி வாங்க வேண்டும். பியாண்ட்20 என்ற பிரௌசர் நீட்சி பியாண்டில் உருட்டும் பகடையை ரோல்20க்குக் கொண்டுவரும், அவ்வளவுதான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானதால் அவை பல தளங்களில் கிடைக்கும். ஆனால் அந்தத் தொகுப்பில் ஒரு கிளாஸுக்கு (வீரன், மந்திரவாதி போன்ற வகை) ஒரே ஒரு சப்கிளாஸ்தான் (அதன் உட்பிரிவு). உங்கள் ஆட்கள் கேட்பது நிச்சயம் அதில் இருக்காது, என் குழுவில் ஒருத்தர்கூட இருப்பதைக் கேட்டதில்லை. பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆர்பிஜியின் இரண்டாம் பதிப்பை ஆடுகிறவர்களுக்கு இங்கே யோகம். அதன் விதிகள் திறந்த உரிமத்தில் இருப்பதால் ஃபவுண்ட்ரியில் மந்திரங்கள், அரக்கர்கள், ஃபீட்கள் (பாத்திரங்களின் சிறப்புத் திறன்கள்) எல்லாமே ஒரு காசு செலவில்லாமல் உள்ளே வந்துவிடும். நான் பார்த்தவரை அந்த ஆட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

இதிலிருந்துதான் எனக்கு எரிச்சல் தரும் இன்னொரு தவறு. எந்த ஆட்டம் என்று முடிவு செய்யாமலே "எது பெஸ்ட் விடிடி?" என்று கேட்பது. மர்மத்தைத் துப்பறியும் திகில் ஆட்டமான கால் ஆஃப் கதுல்ஹூ ஆடப்போகிறவருக்குக் கட்டம் போட்ட மேப்பே தேவையில்லை. நூலகத்தில் பழைய செய்தித்தாளைத் தேடுகிறவனுக்கு எதற்கு டைனமிக் லைட்டிங்? டிஸ்கார்டில் குரல், பகடை உருட்டித் தரும் ஒரு பாட் (தானியங்கி நிரல்), துப்புக் கடிதத்தின் படம் ஒன்று, முடிந்தது. எப்போதாவது சண்டை வந்தால் மட்டும் மேப் வேண்டும் என்றால் அவுல்பேர் ரோடியோ என்ற எளிய விடிடி போதும். லிங்க் அனுப்பினால் உள்ளே வந்துவிடுவார்கள், சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிஷம்கூட ஆகாது. விதிகள் எதுவும் அதற்குத் தெரியாது, ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) கணக்கை நீங்கள்தான் பார்க்க வேண்டும். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

மாட்யூல் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) மோகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃபவுண்ட்ரியில் ஆயிரக்கணக்கில் கிடைக்கும், ரத்தம் தெறிக்க ஒன்று, மழை பெய்ய ஒன்று. ஃபவுண்ட்ரிக்கு ஏறத்தாழ வருஷத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வரும், அப்போது சில மாட்யூல்கள் உடையும். அவற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் ஓய்வு நேரத்தில் செய்கிறவர்கள், நம் சனிக்கிழமைக்காக ஓடிவந்து சரிசெய்ய மாட்டார்கள். கேம்பெய்ன் (பல செஷன்களாக நீளும் கதை) நடுவில் அப்டேட் பொத்தானைத் தொடாதீர்கள், தொட்டே ஆக வேண்டும் என்றால் பேக்கப் எடுத்துவிட்டு.

பெரிய நிறுவனம் கைவிடாது என்று நம்புவதும் சரியல்ல. டி அண்ட் டியை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் பல வருஷம் பேசிப் பேசி 2025 பிப்ரவரியில் சிஜில் என்ற முப்பரிமாணத் தளத்தை வெளியிட்டது, அடுத்த மாதமே அதைக் கட்டிய குழுவில் பெரும்பாலோரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதனால் கேரக்டர் ஷீட், குறிப்புகள், மேப் எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு பிரதி இருக்கட்டும். வெளியே எடுக்க வழியே தராத தளம் என்றால் நான் அந்தப் பக்கமே போக மாட்டேன்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு சாயங்காலம் வெள்ளோட்டம் விடுங்கள். ஓர் அறை, ஒரு கதவு, மூன்று கோப்லின். எல்லாரும் அவரவர் வழக்கமாக உட்காரும் இடத்தில், வழக்கமான கணினியில், வழக்கமான வைஃபையில் இருக்க வேண்டும். லிங்க் அனுப்பியதிலிருந்து கடைசி ஆள் முதல் பகடையை உருட்டும்வரை எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பாருங்கள். இருபதைத் தாண்டினால் வேறு தளம் பாருங்கள், இல்லையென்றால் மேப்பையாவது சுருக்குங்கள்.