12 முட்டை வைத்து 4 குஞ்சு எடுத்தேன்

எங்கள் தென்னந்தோப்பில் மேய்வது சிறுவிடை என்ற நாட்டுக் கோழிகள். போன சித்திரையில் ஒன்றை 12 முட்டையில் அடை வைத்தேன். நாலுதான் பொரித்தது. மிச்சத்தை எண்ணக்கூட இல்லை, வெறுப்பில் குழியில் கொட்டினேன். வெயில்தான் காரணம் என்றார்கள், நானும் நம்பினேன்.

அடுத்த முறையும் 12 முட்டை வைத்து, அவற்றில் பென்சிலால் தேதி எழுதினேன். மூன்றாம் நாள் பார்த்தால் தேதி இல்லாத முட்டை மூன்று! அடைக்கோழி இரை எடுக்கப் போன நேரத்தில் மற்றவை வந்து அதே கூடையில் இட்டிருக்கின்றன. முட்டை கூடக்கூட நல்லதும் ஓரத்துக்குப் போய்ச் சூடு இல்லாமல் கெட்டுவிடும். பிந்தி இட்டது 21-ஆம் நாள் எப்படிப் பொரியும்? முதல் குஞ்சுகள் வந்ததும் தாய் இறங்கிவிடுமே.

அந்த மூன்றையும் எடுத்துவிட்டு, இரவில் கோழியைக் கூடையோடு சாமான் அறைக்கு மாற்றினேன். பகலில் மாற்றினால் பழைய இடத்துக்கே ஓடும். தினம் காலையில் கம்பு, தண்ணீர், அப்புறம் சாம்பலில் புரளக் கால் மணி நேரம். செல் (கோழிப் பேன்) ஏறினால் அடையில் உட்காராது.

ஏழாம் நாள் ராத்திரி முட்டைகளைச் செல்போன் டார்ச்சில் பிடித்துப் பார்த்தேன். கரு உள்ளதில் சிலந்திக் கால் மாதிரி சிவப்பு நரம்பு. இரண்டு மட்டும் வெறுமனே மஞ்சளாகத் தெரிந்தன, எடுத்துவிட்டேன். மீதி பத்தில் ஒன்பது பொரித்தது.

முட்டை கெடாமல் இருக்கும் என்று நம்பி அம்மா போட்ட இரும்புத் துண்டும் காய்ந்த மிளகாயும் கூடையில்தான் இருந்தன. அதை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.